மணிக்கு ஐம்பதில் பறப்பது எப்படி: மலைச்சாலையில் கார் படமெடுத்தல்

கல்யாண வீடியோ எடுப்பவன் நான். காரைக்காலில் பிறந்து, அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்து சேர்ந்தவன். வீடு சேன் லூயியில். ஆண்டில் பாதி நாள் மாலை மாற்றுவதையும் காவடி எடுப்பதையும் தீமிதியையும் படம் பிடிப்பதிலேயே கழிந்துவிடும். இதற்குள் கார் எப்படி வந்தது என்றால், என் மனைவியின் தம்பியால் வந்தது. நாற்பது வயது நிறைந்தால் சிலர் பழனிக்கு நேர்ந்துகொள்வார்கள். இவன் ஒரு அல்பீன் ஏ110 வாங்கினான். நீல நிறம். வாங்கிய வாரமே கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, நேராக என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "அத்தான், சிலாவோஸ் சாலையில் இதை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்."

அன்று எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை. டயர் அலற, பிரேக் நாற, பக்கத்து இருக்கையில் இருந்த என் அக்கா மகன் பாதி வழியிலேயே வயிற்றைக் காலி செய்ய, மைத்துனன் ஓட்டித் தள்ளினான். வீட்டுக்கு வந்து திரையில் போட்டுப் பார்த்தால், பால் வாங்கக் கடைக்குப் போகிற வண்டி போல இருந்தது. அடுத்த வாரம் வேறு கதை. ஒரு காய்கறி வண்டிக்குப் பின்னால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது, பின் பம்பருக்குக் கீழே பொருத்தியிருந்த கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன். அந்தத் துண்டைப் பார்த்த எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வேகத்தில் போனீர்கள்?"

வேகம் கேமரா இருக்கும் உயரத்தில் இருக்கிறது, வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டரில் இருக்கிறது, ஒலியில் இருக்கிறது. ஓட்டுகிறவனின் வலது காலில் இருப்பது கொஞ்சம்தான். கீழே நான் சொல்லும் எல்லாவற்றையும் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுக்கிறேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுங்கள். பொதுச்சாலையில் எதிரே வருவது யாரோ ஒருவரின் அம்மாவாக இருக்கும்.

எந்தச் சாலை, எந்த நேரம்

ரெயூனியனில் கார் வைத்திருப்பவர் எல்லாருக்கும் சிலாவோஸ்தான் வேண்டும். சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் என்ற மலையூருக்கு மேலே போகும் தேசியச் சாலை 5. நானூறுக்கு மேற்பட்ட வளைவுகள். கடல் மட்டத்தை ஒட்டிய கரும்புத் தோட்டத்தில் தொடங்கி 1,200 மீட்டர் உயரத்தில் முடிகிறது. ஓரிடத்தில் சாலை தன்னையே சுற்றிக்கொண்டு தன் மேலேயே பாலமாகக் கடக்கும். ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய சுரங்கங்கள் உண்டு. பார்க்க அற்புதம்தான். ஆனால் விரட்டி ஓட்ட இதைவிட மோசமான சாலை கிடையாது. பஸ் ஒரே மடக்கில் திரும்ப முடியாமல் பின்வாங்கித் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் நம் கதாநாயகக் கார் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: ஒதுங்க இடமில்லாத செங்குத்தான சாலையில் இறங்கி வருகிறவர் முதலில் நிற்க வேண்டும், பின்வாங்க வேண்டி வந்தால் எடை குறைந்த வண்டி பின்வாங்க வேண்டும். அல்பீன் ஏறத்தாழ 1,100 கிலோ. பஸ்ஸின் எடையைச் சொல்லத் தேவையில்லை.

எனவே நான் சாலைகளைப் பிரித்துக்கொள்கிறேன். வளைவுகளின் அடுக்கு, பாறைச் சுவர், சுரங்கம், எதிரொலி ஆகியவற்றுக்குச் சிலாவோஸ். அங்கே கார் மெதுவாகத்தான் போகும். வழிந்தோடுகிற, ஒரு வளைவு அடுத்த வளைவுக்குக் கைமாற்றிவிடுகிற ஓட்டத்துக்கு, பூர் முரா என்ற ஊரிலிருந்து எரிமலைக்கு ஏறும் வனச்சாலை. அங்கே பசுக்கள் மேயும் புல்வெளி, பிறகு குட்டைப் புதர், பிறகு நே தெ பஃப் என்ற இடத்தின் பக்கத்தில் சட்டென்று மலை அறுந்து விழுந்த விளிம்பு என்று காட்சி தானாகவே மாறிக்கொண்டு போகும். சாலை அகலம், எதிரே வருவது தூரத்திலேயே தெரியும். பிளேன் தே சாப்ல் என்ற மணல்வெளிக்கு இறங்கியதும் தார் முடிந்து குண்டும் குழியுமான செந்தடம் தொடங்கும். தாழ்ந்த காரை அங்கே இறக்காதீர்கள். மேலே நின்றுகொண்டு, செவ்வாய்க் கிரகம் போன்ற அந்த வெளியைப் பின்னணியாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

நேரத்துக்கு வருவோம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட, குளிர்ந்த பருவம். புயல் மாதங்களில் சிலாவோஸ் சாலையில் கல் உருளும். மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் உருளும். சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். வறண்ட மாதங்களிலும் காலை பத்து மணி வாக்கில் மேகம் பள்ளத்தாக்குக்குள் வந்து படுத்துக்கொள்ளும். ஜூன் மாதத்தில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் உதிக்கிறது. ஆனால் மலைச்சுவரைத் தாண்டிச் சாலையில் வெயில் விழ இன்னும் நேரம் ஆகும். ஆக, கையில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதற்காகத்தான் நான்கரை மணிக்கு எழுந்து காபி போடுகிறேன், மனைவியின் முணுமுணுப்போடு சேர்த்து.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் தவறவிடும் ஒன்று: இது பூமியின் தெற்குப் பாதி. ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். சிலாவோஸ் சாலை மொத்தத்தில் வடக்கு நோக்கி ஏறுகிறது. ஏறும்போது வெயில் முன்கண்ணாடியில் அடிக்கும். உள்ளே இருந்து எடுக்கும் படம் வெளுத்துப்போகும். அதனால் உட்புறக் காட்சிகளை எல்லாம் இறங்கும்போது எடுக்கிறேன். காரின் முகத்தைச் சாலையோரத்திலிருந்து எடுப்பதும் இறங்கும்போதுதான். பின்னாலிருந்து விழும் வெளிச்சம் கூரைக்கும் தோளுக்கும் ஒரு வெள்ளிக்கோடு போட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். இந்தத் தீவின் குடும்பங்கள் எல்லாம் ஞாயிறன்று பெரிய பெரிய பாத்திரங்களோடு மலைக்கு ஏறி, சாலையோரத்தில் விறகடுப்பு மூட்டி, கறி சமைத்துச் சாப்பிடும். அது அவர்கள் நாள். நான் செவ்வாய் அல்லது வியாழன் போகிறேன். இன்னொன்று, ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. சேன் லூயியில் லெ கோல் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள் வளைவு தோறும் இரண்டு மூன்று துண்டுகளைச் சிந்திவிட்டுப் போகும். கரும்புச் சக்கையும் சாறும் மிதிபட்ட தார் சோப்பு போல வழுக்கும். கீழ்ச்சாலையில் மெதுவாகவே போங்கள்.

முதல் நாள் கேமரா வேண்டாம்

முதலில் வேறு வண்டியில், கேமரா இல்லாமல், ஒருமுறை ஏறி இறங்குங்கள். கையில் ஒரு நோட்டு. எந்த வளைவில் நாம் நிற்க இடம் இருக்கிறது, எங்கே கார் திரும்ப முடியும், எந்தப் பாறையில் நின்றால் கீழே நான்கு அடுக்குச் சாலை தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் வளைவுகளுக்குப் பெயர் உண்டு: "வாழைத்தோப்பு", "உடைந்த சுவர்", "இரண்டாம் சிவப்பு". இந்தத் தீவில் சாலையோரம் எங்கும் சிவப்பு வண்ணம் பூசிய சிறு மாடங்களில் சேன் எக்ஸ்பெதி சாமி இருப்பார். கத்தோலிக்கர் மட்டுமல்ல, நம்மவர்களும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நீலக் கார் அந்தச் சிவப்பைக் கடக்கும் நொடிக்கு எந்த வண்ணத் திருத்தமும் ஈடாகாது. ஆனால் மாடத்தின் மேல் முக்காலியைச் சாய்க்காதீர்கள். அங்கிருக்கும் பூவை நகர்த்தாதீர்கள். நகர்த்திய ஒருவரை ஒரு பாட்டி கிரெயோல் மொழியில் திட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

சாலையை மறிக்க நமக்கு உரிமை இல்லை. மறிக்க வேண்டுமென்றால் சாலைக்குப் பொறுப்பான நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாத நாளில் நாமும் மற்றவர்களைப் போல ஒரு வண்டி, அவ்வளவுதான்.

காரின் மேல் கேமரா

இங்கேதான் காசும் போகும், மானமும் போகும். நான் முதலில் வாங்கியது காந்தப் பிடி. கனமான மூன்று காந்தங்கள், நடுவே கேமரா. பெருமையாகக் கொண்டுபோய் அல்பீனின் கதவில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. மைத்துனன் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "அத்தான், இதன் உடம்பு அலுமினியம்" என்றான். முன்பே சொல்லியிருக்கலாம். வாங்கும் முன் காரின் தகடு இரும்பா, அலுமினியமா, நாரிழையா என்று சமையலறைக் குளிர்பெட்டிக் காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரே காரில் பானெட் அலுமினியமாகவும் கதவு இரும்பாகவும் இருப்பதும் உண்டு.

காந்தம் பிடிக்காத காருக்கு ரப்பர் சக்ஷன் கப்தான். அதைப் பிடித்து வைத்திருப்பது ரப்பர் அல்ல, வெளியே இருந்து அமுக்கும் காற்று. கடற்கரையில் அந்தக் காற்று கனமாக அமுக்குகிறது. எரிமலைச் சாலையின் உச்சியில், 2,300 மீட்டரில், காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிடக் கால் பங்கு குறைவு. கப்பின் உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றோ கீழிருந்து ஏறி வந்த பழைய காற்று; அது உள்ளிருந்து தள்ளும். சேன் லூயியில் யானை பிடித்து இழுத்தாலும் வராத கப், மேலே போனதும் தானாகவே பிடியைத் தளர்த்திவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நே தெ பஃப் தாண்டிய ஒரு வளைவில் கேமரா கழன்றது. பாதுகாப்புக் கயிறு? "இன்னும் ஒரே ஒரு முறைதானே" என்று கட்டாமல் விட்டிருந்தேன். பின்னால் யாரோ வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தார்கள். கேமரா தவிடுபொடி, உள்ளிருந்த கார்டு மட்டும் பிழைத்தது. அதன் கடைசி நான்கு நொடியில் வானம், புல், வானம், புல், பிறகு ஒரு டயர். அந்த டயர் ஒரு மோட்டார் சைக்கிளுடையதாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. ஒட்டும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைப்பேன். ரப்பரின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். ஒரு மணல் இருந்தாலும் போதும், காற்று புகுந்துவிடும். ஒரு கேமராவுக்கு ஒரு கப் போதாது, மூன்று. சுமார் 500 மீட்டர் ஏறியதும் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஒட்டுவேன். மேலே குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் அதிகாலையில் அங்கே உறைபனியே விழும். அப்போது ஒட்டும் முன் கப்பை அக்குளில் ஒரு நிமிடம் வைத்துக்கொள்கிறேன். சிரிக்க வேண்டாம், வேலை செய்கிறது. பாதுகாப்புக் கயிறு கேமராவின் உடம்பிலிருந்து காரின் ஏதோ ஓர் உறுதியான பாகத்துக்குப் போக வேண்டும், கப்புக்கு அல்ல. கப்பே கழன்று விழும்போது கப்பில் கட்டிய கயிறு எதைக் காப்பாற்றும்? பம்பரில் இழுவைக் கொக்கியைத் திருகும் துளை ஒன்று இருக்கும். அதில் கொக்கியைத் திருகிக் கயிற்றை அதில் கட்டுங்கள். எதுவும் காரின் பக்கவாட்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. சுரங்கச் சுவரும் பஸ்ஸும் அங்கே ஒரு சாண் இடைவெளியில் போகும்.

எங்கே ஒட்டுவது? தாழ்வாக. பின்சக்கரத்துக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில், முன்னோக்கிப் பார்க்கும்படி வைத்தால் சக்கரமும் தரையும் எதிர்வரும் வளைவும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) கிடைக்கும். கூரை மேல் வைத்தால் அதே சாலை சோம்பேறியாகத் தெரியும், ஏனென்றால் கண்ணுக்குப் பக்கத்தில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பது வேகமாக ஓடும், தூரத்தில் இருப்பது நிற்கும். ரயில் ஜன்னலில் உட்கார்ந்த எந்தக் குழந்தையும் இதைச் சொல்லும். ஆகவே மலைச்சுவர், தடுப்புக்கல், வெள்ளைக்கோடு, புல் எதுவாக இருந்தாலும் கேமராவுக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். மலைச்சுவர் இருக்கும் பக்கமே கேமரா. பள்ளத்தாக்குப் பக்கம் வைத்தால் காட்சி அழகாக இருக்கும், கார் நின்றுவிடும்.

ஷட்டர் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். ஷட்டர் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் கார் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தரை கோடுகோடாக இழுபடும். அதே வெயிலில் கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது ஷட்டரை நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோய்விடும். அப்போது கார் நகர்வது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தாரில் உள்ள ஒவ்வொரு ஜல்லியும் எண்ணும்படி தெளிவாக இருக்கும். பால் வாங்கப் போகிற வண்டி என்று நான் சொன்னது இதைத்தான். என் முதல் படம் செத்ததற்கு முழுக் காரணம் இந்த ஓர் எண்.

எனவே நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சுரங்க விளக்குகள் துடிக்காமல் இருக்கவும் இதுவே நல்லது. வெளிச்சம் அதிகமாகிவிடும் அல்லவா, அதற்கு லென்ஸின் முன்னால் என்.டி. ஃபில்டர், அதாவது கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஆக்‌ஷன் கேமராக்களில் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது. அதனால் உச்சி வெயிலில் 64 எண் ஃபில்டர் வேண்டியிருக்கும். நிழலில் 8 அல்லது 16 போதும். சிலாவோஸ் பள்ளத்தில் ஒரு வளைவு வெயில், அடுத்த வளைவு நிழல். நான் 16 போட்டு, ஷட்டரைப் பூட்டி, கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை மட்டும் குறைந்த வரம்புக்குள் தானாக மாற விடுகிறேன். முழு வெயில் விழும் இடங்களை 64 போட்டுத் தனியாக எடுக்கிறேன். சுரங்கமும் தனிச் சுற்று, ஃபில்டரே இல்லாமல். வெயிலுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு சுரங்கத்துக்குள் போனால் திரையில் அமாவாசைதான்.

நடுக்கத்தைத் தடுக்கும் வசதியைக் காரில் ஒட்டிய கேமராக்களில் அணைத்துவிடுங்கள். பலர் நம்ப மாட்டார்கள். கார் திரும்பும்போது, யாரோ கையை அசைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கேமரா அதற்கு எதிராகச் சட்டத்தைத் திருப்பும். உள்ளே வைத்த கேமராவில் டாஷ்போர்டு படகு போல மிதக்கும். நானூறு வளைவுக்கு நானூறு முறை மிதந்தால் பார்க்கிறவருக்கும் என் அக்கா மகனுக்கு வந்தது வரும். அடிவானத்தை நேராக வைக்கும் வசதியும் வேண்டாம். சாலை சாய்வதும் கார் சாய்வதும் தெரிந்தால்தானே மலை?

உள்ளே

ஓட்டுநர் கறுப்புச் சட்டை போட வேண்டும். மைத்துனன் முதல்முறை வெள்ளைச் சட்டையில் வந்தான். முன்கண்ணாடி முழுக்க அந்தச் சட்டைதான் ஓட்டியது. டாஷ்போர்டின் மேல் கறுப்பு வெல்வெட் துணி ஒன்றை விரித்து விளிம்புகளைச் செருகிவிடுங்கள். வெளியிலிருந்து ஓட்டுநர் முகத்தை எடுக்கும்போது போலரைசர் போட்டு, கண்ணாடியில் தெரியும் வானம் மறையும் வரை மெதுவாகச் சுழற்றுங்கள். ஆனால் உள்ளேயிருந்து பக்கக் கண்ணாடி வழியாக எடுக்கும்போது அதே போலரைசர் கண்ணாடியில் திட்டுத்திட்டாகக் கறையைக் காட்டும். கழற்றிவிடுங்கள்.

முகத்தைவிடக் கையை எடுங்கள். ஏ110 காரில் கியர் மாற்றுவது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இரண்டு இதழ்களில். வளைவுக்கு முன் இடது விரல் இரண்டுமுறை சொடுக்குவதும், அதே நேரம் எஞ்சின் குரல் உயர்வதும், பிறகு மணிக்கட்டு மெல்லப் புரள்வதும் மூன்று நொடிதான். ஆனால் அந்த மூன்று நொடியில் ஓட்டுகிறவன் யார் என்று தெரிந்துவிடும். மைத்துனன் வளைவுக்கு முன் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வான், சிறுவயதில் கோலி அடித்தபோது செய்தது போல. அதை அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவான்.

சாலையோரத்தில்

வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையான ஓட்டுநராக இருந்தாலும். கார் பிடி தவறினால் போவது அந்தப் பக்கம்தான். உட்பக்கம், உயரத்தில், முன்னால் ஒரு பாறையோ தடுப்புச்சுவரோ இருக்கும் இடம் பாருங்கள். தலைக்கு மேல் உதிரும் பாறை இல்லையா என்றும் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது 200 மில்லிமீட்டர் லென்ஸ். எதிர்ச்சரிவிலிருந்து எடுத்தால் கீழே கிடக்கும் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோசை அடுக்கியது போல நெருங்கி வரும். கார் ஓர் அடுக்கில் வலமாகப் போய் மறையும்; சிறிது நேரம் வெறும் சாலை; பிறகு மேல் அடுக்கில் இடமாக வரும். அந்த வெறும் சாலையை வெட்டிவிடாதீர்கள். பார்க்கிறவர் காத்திருக்கட்டும். முக்காலியின் கைப்பிடியைப் பிடித்துக் காரோடு சேர்த்துத் திருப்பும்போது, கார் சட்டத்துக்குள் வரும் முன்பே கேமரா நகரத் தொடங்கியிருக்க வேண்டும். கார் போன பிறகும் இரண்டு நொடி நகர வேண்டும். இடுப்பிலிருந்து திரும்புங்கள், கையிலிருந்து அல்ல. கால்விரல்களை, கார் போய்ச் சேரும் திசைக்கு நேராக முதலிலேயே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் பின்னுக்கு முறுக்கி நின்றால், திரும்பும்போது முறுக்கு தானாகவே அவிழும். அம்மன் தேர் திரும்பும்போது எடுத்து எடுத்துப் பழகியது இது.

அக்கா மகன் இரண்டு வளைவு மேலே வாக்கி டாக்கியோடு நிற்பான். "மாமா, பஸ் இறங்குகிறது" என்றால் எல்லாம் நின்றுவிடும். ஓட்டுநருக்கு வாக்கி டாக்கி கொடுப்பதில்லை. இயர்போனும் கூடாது, 2015 ஜூலை முதல் பிரான்சில் ஓட்டும்போது அது குற்றம், இங்கும் அதே சட்டம்தான். கார் நிற்கும் இடத்தில் ஆள் போய்ச் சொல்வது, அல்லது பக்கத்து இருக்கையில் ஒருவர் கேட்டுச் சொல்வது. கைப்பேசி அந்தப் பள்ளத்தில் பாதி இடத்தில் எடுக்காது.

முன்னால் இன்னொரு வண்டியில் போய்க்கொண்டு எடுக்க ஆசை வரும். எடுக்கலாம்; ஆனால் பின்கதவைத் திறந்து வைத்து ஒருவன் காலைத் தொங்கவிட்டு உட்காருவது எங்கள் வீட்டில் தடை. கேமராவை அந்த வண்டியின் பின் பம்பரில் தாழ்வாகக் கட்டிவிட்டு, ஆள் உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தால் போதும். நடுக்கம் தடுக்கும் வசதி இங்கே மட்டும் வேண்டும். இரண்டு வண்டியும் நாற்பதில்.

ட்ரோன் பற்றிக் கேட்பார்கள். தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. எரிமலைச் சாலையில் எங்கே அந்த எல்லை தொடங்குகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவை போக, எனக்கே அதில் பெரிய ஈடுபாடு இல்லை. மேலிருந்து பார்த்தால் எந்தக் காரும் எறும்பு.

ஒலி

கல்யாணத்தில் நாதசுரம் கெட்டால் வீடியோ கெட்டது. இங்கும் அப்படித்தான். கேமராவில் உள்ள மைக் காற்றைத் தவிர எதையும் கேட்காது.

ஏ110 காரின் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது, 1.8 லிட்டர், டர்போ. புகைக்குழாய் பின்னால் நடுவில் ஒன்றே ஒன்று. சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றை நம்பர் பலகையின் ஓரத்தில், குழாயின் வாய்க்கு நேராக இல்லாமல் ஒதுக்கி ஒட்டுகிறேன். நேராக வைத்தால் சூட்டில் உருகும், உருகாவிட்டாலும் இரையும். மேலே பஞ்சு, பஞ்சுக்கு மேல் ரோமத் துணி. ரோமத் துணி கடையில் வாங்கலாம். என்னுடையது என் மகளின் பழைய கரடி பொம்மை. ஒயரைத் தகட்டின் இடுக்கு வழியாக ஓட்டி ஒவ்வொரு சாணுக்கும் டேப் போட வேண்டும், இல்லையென்றால் ஒயர் தகட்டில் அடிக்கும் சத்தம் குதிரைக் குளம்பு போலப் பதிவாகும். பின்னாலிருக்கும் சிறு சாமான் அறை எஞ்சின் சூட்டில் வெந்துவிடும். ரெக்கார்டரை அங்கே விடாமல் உள்ளே கொண்டுவரப் பாருங்கள். இன்னொரு மைக் இருக்கைகளுக்கு நடுவே, பின்சுவரை ஒட்டி. டர்போவின் மூச்சு அங்கேதான் கேட்கிறது. ஒலி அளவை, ஓட்டுநர் முழு மிதி மிதிக்கும்போது பார்த்து வையுங்கள். சும்மா உறுமும்போது பார்த்து வைத்தால் மேலே போய்க் கிழியும். தொடக்கத்தில் எல்லாக் கேமராவும் ஓடும்போது ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டால் பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்துவது ஐந்து நிமிட வேலை.

ஆனால் என்னிடம் இருப்பதில் சிறந்த ஒலி காரில் எடுத்ததே இல்லை. "உடைந்த சுவர்" வளைவில் விடியற்காலையில் ரெக்கார்டரைச் சுவரின் மேல் வைத்துவிட்டு நான் நகர்ந்து போய்விட்டேன். கீழே தண்ணீர் ஓடும் சத்தம். ஒரு சேவல். பிறகு எங்கோ கீழே எஞ்சின். ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் மலைச்சுவர் அதை விழுங்கிவிடும், மறுபடி இன்னும் பக்கத்தில் வரும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கார் கண்ணில் படவே இல்லை. படத்தை அந்த ஒலியோடுதான் தொடங்குகிறேன், ஆளில்லாத சாலையைக் காட்டிக்கொண்டு.

வெட்டு, பிறகு வீடு

வெட்டுவதில் ஒரு விதி போதும்: கார் ஒரு துண்டில் இடமிருந்து வலமாகப் போனால், அடுத்த துண்டிலும் அப்படியே போகட்டும். திசை மாற வேண்டுமென்றால் இடையில் கையோ சக்கரமோ ஒரு துண்டு வைத்து மாற்றுங்கள். கொண்டை ஊசிச் சாலையில் கார் தானே திசை மாற்றிக்கொண்டிருப்பதால் இது எளிதில் குழம்பும். பாட்டுப் போட்டு எஞ்சினை மூடாதீர்கள். படத்தை வேகமாக ஓட்டிக் காட்டாதீர்கள்; எதிரே வரும் சைக்கிள்காரரின் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. மேலே பத்து டிகிரியில் இருந்த கேமராவைக் கீழே கடற்கரையின் ஈரக்காற்றில் உடனே எடுத்தால் லென்ஸ் வெளியிலும் உள்ளேயும் பூத்துவிடும். உள்ளே பூத்தால் துடைக்க முடியாது. மலை மேலேயே கேமராக்களைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, கீழே வந்தும் ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சேன் லூயிச் சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்துகிறோம். மூன்று பேருக்கும் சமோசா. அக்கா மகன் இப்போதெல்லாம் இறங்கிய பிறகுதான் சாப்பிடுகிறான்.